அரை நம்பரின் இடது ஷூ

அந்தக் காலணிக் கடையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. "அரை நம்பர்" என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். யார் வந்து எந்த அளவு கேட்டாலும், அவர்கள் முன்னால் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, ஷூவின் மூக்கில் தன் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "அரை நம்பர் கூடப் போடுங்க" என்பார். முப்பத்தொரு வருடமாக இதையேதான் சொல்லிவந்தார். கேட்டு வாங்கிப் போனவர்கள் அடுத்த முறையும் அவரையே தேடி வந்தார்கள். கேட்காமல் போனவர்கள் குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு அவரையே தேடி வந்தார்கள். எப்படிப் பார்த்தாலும் பெருமை அவருக்குத்தான்.

அதைவிடப் பெரிய பெருமை ஒன்று இருந்தது. பழைய ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தாரென்றால், அதைப் போட்டு நடந்தவரின் ஜாதகத்தையே எடுத்து வைத்துவிடுவார். நிற்கிற வேலையா, உட்காருகிற வேலையா, எந்த முட்டி வலிக்கிறது, எந்தத் தோளில் பை மாட்டுகிறார், எல்லாம் தேய்மானத்தில் எழுதியிருக்கும் என்பார். முதலாளியம்மாவுக்கு இந்த வித்தையில் நம்பிக்கை உண்டு. ஆனால் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அதை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஒரு ஜோடி விற்கிற நேரத்தில் இவர் மூன்று தலைமுறை முட்டிவலியை விசாரித்துக்கொண்டிருப்பார்.

மனைவிக்குத் தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் வேலை. காலை ஒன்பது மணியிலிருந்து ஊரில் உள்ளவர்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் வந்து கத்துவார்கள். இந்த அம்மாள் ஒரு சொட்டுக் கோபம் இல்லாமல், எந்தத் தெரு, எத்தனை நாளாக, கலங்கலாக வருகிறதா, வருவதே இல்லையா என்று கேட்டு எழுதிக்கொண்டு புகார் எண் கொடுப்பார். வீட்டிலும் அதே குரல்தான். கல்யாணமான புதிதில் இவர் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொன்னபோது, "நேத்திலேருந்தா, இன்னைக்கு மட்டுமா?" என்று கேட்டவர்.

ஐம்பத்திரண்டாவது வயதில் அரை நம்பருக்கு வயிற்றில் கட்டி வந்தது. கெட்ட கட்டி. அறுவை சிகிச்சை செய்த டாக்டர், பாதியை வைத்துக்கொண்டு மீதியை எடுப்பதெல்லாம் சரிப்படாது என்று வயிற்றை மொத்தமாக எடுத்துவிட்டு, உணவுக்குழாயை நேராகக் குடலோடு இணைத்துத் தைத்தார். அதன் பிறகு நம்மவர் ஒரு நாளைக்கு ஏழு தடவை, குருவி கொத்துகிற மாதிரி சாப்பிட வேண்டியிருந்தது. ஆளும் பாதியாகிவிட்டார். பார்க்க வந்தவர்கள் அழுதுகொண்டே வந்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்துகிற வேலையும் இவர் தலையில் விழுந்தது. "இனிமே எனக்கு வயிற்றெரிச்சலே கிடையாது. வயித்துல புளியைக் கரைக்கலாம்னு யாராவது நினைச்சாலும் கரைக்கிறதுக்கு இடம் இல்ல" என்பார். அவர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பிஸ்கட்டை எடுத்துக் கடிப்பார்கள்.

பிறகு ஆறு மாதம் கீமோ. முதல் நாள் மருந்து ஏற்றி முடித்ததும் நர்ஸ் ஒரு தாளைக் கையில் கொடுத்து, கொஞ்ச நாளைக்குக் குளிர்ந்த எதையும் தொடக்கூடாது, குளிர்ந்ததைக் குடிக்கக்கூடாது என்று விளக்கமாகச் சொன்னார். அரை நம்பர் தலையை ஆட்டினாரே தவிர ஒன்றும் காதில் வாங்கவில்லை. அவர் நர்ஸின் வெள்ளை ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்டுவிரல் பக்கம் புடைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து மறுநாள் பால் எடுக்கலாம் என்று பிரிட்ஜைத் திறந்தார். உள்ளே கையை விட்டு பால் பாத்திரத்தைத் தொட்டதும் சுளீரென்று மின்சாரம் தாக்கியது. துள்ளிக் குதித்துத் தள்ளி நின்றார். மனைவி வேலைக்குப் போயிருந்தார். இன்னொரு தடவை தொட்டார். மறுபடியும் சுளீர். உடனே எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு, பிரிட்ஜுக்குள்ளே கரண்ட் கசிகிறது, பாலில்கூட ஓடுகிறது, உயிர் ஆபத்து என்று வரவழைத்தார்.

எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. விரலை வைத்தார், உள்ளங்கையை வைத்தார், கடைசியில் பிரிட்ஜின் மேல் முழுதாகச் சாய்ந்து நின்றார்.

"சார், நான் இதைக் கட்டிப்பிடிச்சுட்டு நிக்கிறேன். கரண்ட் இருந்தா இந்நேரம் பேசிட்டா இருப்பேன்?"

அரை நம்பர் தயங்கித் தயங்கிப் பால் பாத்திரத்தைத் தொட்டார், அலறிக்கொண்டு கையை உதறினார். எலக்ட்ரீஷியன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு பாட்டிலை எடுத்துத் தானே இரண்டு மடக்குக் குடித்துக் காட்டினார். சாயங்காலம் மனைவி வந்தபோது இருவரும் பிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்க மூடியைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் மேசை இழுப்பறையிலிருந்து மருத்துவமனைத் தாளை எடுத்து நின்றபடியே படித்தார். குளிர்ந்த பொருளைத் தொட்டால் ஷாக் அடித்தது போல் இருக்கும் என்று அதில் மூன்றாவது வரியில் அச்சடித்திருந்தது. "புகார் முடிஞ்சுது, நீங்க கிளம்பலாம்" என்றார் எலக்ட்ரீஷியனிடம்.

கீமோ முடிந்தபோது விரல் நுனிகளிலும் பாதங்களிலும் ஒரு மரமரப்பு மிச்சமிருந்தது. மருந்து நரம்பைத் தொட்டிருக்கிறது, இன்னும் சில மாதம் அதிகமாகிப் பிறகு மெல்லக் குறையும், பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டர். இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். வயிறு இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டில் இருக்கிற பி12 சத்து உடம்பில் ஒட்டாது, ஆகவே மாதம் ஒரு ஊசி, ஆயுள் முழுக்க, மறக்கவே கூடாது. அரை நம்பர் இதை நன்றாகக் கேட்டுக்கொண்டார். மூன்று மாதம் ஒழுங்காகப் போய்ப் போட்டும் கொண்டார்.

நான்காவது மாதம் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. ஒரு காலத்தில் மருந்து கம்பெனியின் பிரதிநிதியாகப் பை தூக்கியவன். கம்பெனி அவனை விட்டது, பையை அவன் விடவில்லை. பார்க்கிற எல்லோருக்கும் அவனிடம் ஒரு மாத்திரை இருந்தது.

"ஊசி எதுக்கு மாமா? பி1-லேருந்து பி12 வரைக்கும் எல்லாம் இந்த ஒரே மாத்திரைல இருக்கு. ஊசியில ஒண்ணுதானே இருக்கு?"

கணக்குப்படி அது சரியாகத்தான் இருந்தது. அதோடு, ஆறு மாதத்தில் உடம்பில் குத்தாத இடமில்லை என்றாகிப்போன மனிதருக்கு, ஊசி வேண்டாம் என்று ஒருவன் சொன்னால் அவன் மச்சினனா, தெய்வமா? அடுத்த முறை வரும்போது நரம்புக்குப் பலம் என்று இன்னொரு அட்டை கொண்டுவந்தான். அதற்கடுத்த முறை, முதல் இரண்டுக்கும் பலம் கொடுக்கிற மாதிரி மூன்றாவது. வாங்கிவந்த பிள்ளை மனம் நோகக்கூடாதே என்று இவர் எல்லாவற்றையும் விழுங்கினார். ஒன்றரை வருடத்தில் ஏழு வகை சேர்ந்தது. காலையில் சாப்பாடு நாலு வாய், மாத்திரை ஏழு.

மனைவியிடம் ஊசியை நிறுத்திய விஷயத்தைச் சொல்லவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை பத்து மணிக்கு ஊசிக்குப் போகிறேன் என்று கிளம்புவார். கிளினிக்குக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து போகிற வருகிற கால்களைப் பார்ப்பார். பிறகு புஜத்தைத் தேய்த்துக்கொண்டே வீடு திரும்புவார்.

இதற்குள் கடைக்குத் திரும்பியிருந்தார். முதலாளியம்மா அவருக்காக முக்காலிக்கு மெத்தை போட்டு வைத்திருந்தார். குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொள்கிற அக்கா, அவர் ஏழு தடவை சாப்பிட வசதியாகப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தார். இத்தனை பேர் இத்தனை செய்யும்போது, கால் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் பாவம் வீட்டில் இருக்கட்டும் என்பார்கள். வீட்டில் இருந்தால் யாருடைய காலைப் பார்ப்பது?

கால் நிஜமாகவே சரியில்லை. முதலில் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்த மரமரப்பு, நின்று யோசித்துவிட்டுத் திரும்ப ஏற ஆரம்பித்தது. விரல்களில் இருந்தது பாதத்துக்கு வந்தது, பாதத்திலிருந்து கணுக்காலுக்கு வந்தது. தரை பஞ்சாக இருந்தது. கர்வம் பிடித்தவனைக் கால் தரையில் பாவாமல் நடக்கிறான் என்பார்கள். இவருக்குக் கால் பாவிக்கொண்டுதான் இருந்தது, அந்தச் சேதி மேலே வந்து சேரவில்லை. முகம் கழுவக் கண்ணை மூடினால் குளியலறைக் கதவில் போய் மோதினார். ஒரு நாள் தபால்பெட்டி வரை போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மற்றதைக் கையில் ஏந்திக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். கீமோவின் மிச்சம், டாக்டர்தான் பொறுமையாக இருக்கச் சொன்னாரே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் கட்டி திரும்ப வரவில்லை என்ற நல்ல சேதியை வாங்கிக்கொண்டு, வேறு ஏதும் தொந்தரவு உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

கட்டைவிரலும் காலை வாரிவிட்டது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாமல் ஒரு பள்ளித் தலைமையாசிரியையின் பெருவிரலை நசுக்க, அந்த அம்மாள் கடையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம் போட்டார். அதிலிருந்து நம்மவர் அழுத்துவது போல் பாவனை மட்டும் செய்துவிட்டு, "முட்டுதா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தார். எல்லோரும் செய்கிற காரியம்தான். அவருக்கு அது வெட்கமாக இருந்தது.

இப்படியே போயிருக்கும். ஷோகேஸ் குட்டை உடைத்தது.

ஒரு புதன்கிழமை காலை, புதிதாக வந்த கறுப்புத் தோல் ஷூவைத் தெருப்பக்கக் கண்ணாடிப் பேழையில் வைக்க வேண்டியிருந்தது. கடையிலேயே விலை கூடிய ஜோடி. பேழைக்குள் வெள்ளைக் கம்பளம் என்பதால் அரை நம்பர் தன் ஷூக்களைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினார். அவையும் கறுப்புத் தோல்தான், தூரத்துப் பார்வைக்குப் புதுசின் ஜாடை. புது ஜோடியில் வலதை மேடையில் நிறுத்தினார். இடதைத் துடைத்து வைக்கலாம் என்று கீழே இறக்கி, தன் ஷூக்களுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த நேரம் பார்த்துக் குழந்தைகள் பகுதி அக்கா வந்து, தன் மகளுக்குப் பார்த்த வரனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பையன் நல்ல பையன், ஆனால் கால் பன்னிரண்டாம் நம்பர் என்றார். அரை நம்பருக்குக் கவனம் முழுவதும் அங்கே போய்விட்டது. பேசிக்கொண்டே விளிம்பில் உட்கார்ந்தார். குதிகாலை இறக்கும் நீளக் கரண்டியை எடுத்தார், முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் கை தானாக வேலை செய்தது. வலது காலில் தன்னுடையது ஏறியது. இடது காலில் புத்தம் புதியது ஏறியது. எட்டாம் நம்பர். இவர் கால் எட்டரை.

அவர் எழுந்து உள்ளே போனார். தரையில் ஓர் இடது ஷூ மிச்சம் கிடப்பதையும், மேடையில் ஓர் இடம் காலியாக இருப்பதையும் பார்த்த அக்கா, பொறுப்போடு அதைத் துடைத்து மேடையில் ஏற்றி, விலை அட்டையையும் நேராக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

மூன்று மணிவரை அந்தப் பழைய ஷூ, ஊரின் பெரிய தெருவில், மின்விளக்கு வெளிச்சத்தில், ராஜா மாதிரி நின்றது. மூன்று மணிக்கு ஒரு வங்கி மேலாளர் உள்ளே வந்து, கண்ணாடியில் இருக்கும் அந்த மடிப்பு விழுந்த மாடலைப் பார்க்க வேண்டும் என்றார். பழசு மாதிரியே செய்திருக்கிறார்கள், இப்போது இதுதான் நாகரிகமாமே என்றும் கேட்டார். முதலாளியம்மாவே போய் எடுத்துவந்தார். கையில் எடுத்ததும் எடை ஏதோ உதைத்தது. திருப்பிப் பார்த்தார். அடிப்பாகம் தேய்ந்து பிறை நிலா மாதிரி இருந்தது.

யாரோ பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு வந்து, புதியதை மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். அதிலும் ஒற்றைக் காலில் மட்டும். இது என்ன திருட்டு என்று முதலாளியம்மாவுக்குப் பிடிபடவில்லை. வங்கி மேலாளர் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொன்னாரே தவிர, வேடிக்கை பார்க்க அங்கேயே நின்றுவிட்டார். அரை நம்பரைக் கூப்பிட்டார்கள்.

ஊரார் ஷூக்களின் அடிப்பாகத்தையெல்லாம் பார்த்தவர் தன்னுடையதை ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. முக்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்த ஷூவை வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநாளைக்குப் பிறகு அவர் வித்தையை எல்லோருமே சூழ்ந்து நின்று கேட்கிறார்கள். குரலில் ஒரு களை வந்துவிட்டது.

"எட்டரை நம்பர் கால். ஆம்பள. ஐம்பதுக்கு மேல. முன்னாடி கனமா இருந்து இப்ப மெலிஞ்சவன், இந்த மடிப்பைப் பாருங்க, தோல் கனத்துக்கு விரிஞ்சு அப்புறம் தொளதொளத்திருக்கு. நாள் பூரா நிக்கிற வேலை."

"நம்ம ஊர்க்காரனா?" என்றார் முதலாளியம்மா.

"இருங்கம்மா. முன்பக்கம் எப்படிச் செதுக்கின மாதிரி தேய்ஞ்சிருக்கு பாருங்க. இவன் காலைத் தூக்கி வைக்கல, இழுக்கிறான். குதிகால் ஒரே இடத்துல பொத்துனு விழுந்திருக்கு. தரை எங்க இருக்குன்னு தெரியாம நடக்கிறவன்தான் இப்படி அடிச்சு அடிச்சு வைப்பான்." ஷூவுக்குள் கையை விட்டு ஒரு சின்னப் பிளாஸ்டிக் கொக்கியை எடுத்தார். சாக்ஸோடு வருகிற கொக்கி. உள்தோலில் ஆழமாக அதன் தடம் பதிந்திருந்தது. "இதை மாசக்கணக்கா மிதிச்சுக்கிட்டே நடந்திருக்கான். வலிச்சிருந்தா எடுத்திருப்பானே. அம்மா, இவன் திருடன் இல்ல. பாவம், காலே மரத்துப்போன நோயாளி. இவனைப் போலீஸ்ல சொல்லாதீங்க, யாராவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

சொல்லி முடித்து நிமிர்ந்தபோது யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா முதலில் கீழே பார்த்தார். பிறகு முதலாளியம்மா பார்த்தார். வங்கி மேலாளரும் பார்த்தார். எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள் என்று கடைசியாக அரை நம்பரும் பார்த்தார். வலது காலில் பழசு. இடது காலில் விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று புதுசு.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளியம்மா சிரிக்கவில்லை. இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார். அந்தக் கடையை நடத்த ஆரம்பித்து இருபத்திரண்டு வருடத்தில் அவர் முக்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. லேஸை அவிழ்த்து, குதிகாலைப் பிடித்து, ஷூவை மெல்ல உருவினார். சாக்ஸின் நுனி நனைந்து சிவந்திருந்தது. பெருவிரல் நகம் கறுத்துப் பாதி தூக்கிக்கொண்டு நின்றது. அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"வலிக்கல?" என்றார் முதலாளியம்மா.

"இல்லம்மா."

"எவ்வளவு நாளா?"

அவர் அந்தப் புது ஷூவை வாங்கி, உள்ளே பட்டிருந்த கறையைத் துடைக்க ஆரம்பித்தார். முதலாளியம்மா அக்காவைப் பார்த்து, "அவர் வீட்டம்மாவுக்குப் போன் போடு" என்றார்.

தண்ணீர் வாரியத்துக்குப் போன் போட்டதால் மனைவி முதலில் எந்தத் தெரு என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் முக்கால் மணி நேரத்தில் கடைக்கு வந்துவிட்டார். காலுக்குக் கட்டுப் போட்டு முடிந்திருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தார். எப்போதிலிருந்து, விட்டு விட்டா, தொடர்ந்தா, முதலில் எந்தப் பக்கம், யாராவது வந்து பார்த்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மாத ஊசி ஒழுங்காகப் போட்டுக்கொண்டீர்கள் இல்லையா என்ற கேள்வி வந்தபோது அரை நம்பர் தன் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். பேருந்து நிறுத்தத்துக் கதை முழுவதும் வெளியே வந்தது. அந்த அம்மாள் விரல் விட்டு எண்ணினார். பதினெட்டுச் சனிக்கிழமை.

கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் என்கிட்ட புகார் சொல்றாங்க. முகம் தெரியாதவங்க எல்லாம் சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் சொல்லல."

அரை நம்பருக்கு அப்போதுதான் எங்கேயோ வலித்தது.

நரம்பு டாக்டரிடம் போன அன்று மச்சினனும் கூட வந்தான், மருந்து பாஷை தெரிந்த ஆள் ஒருவர் வேண்டுமே என்று. டாக்டர் அதிகம் பேசாதவர். முள்கரண்டி மாதிரி இரண்டு கிளை உள்ள ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அது ரீங்காரமிடும்போதே அரை நம்பரின் கால் பெருவிரலில் வைத்து, "அதிருதா?" என்றார்.

"அதிருது டாக்டர்."

"எங்க?"

"காதுல."

பிறகு கண்ணை மூடச் சொல்லி, விரலைப் பிடித்து, மேலே தூக்குகிறேனா கீழே இறக்குகிறேனா சொல்லுங்கள் என்றார். அரை நம்பர் பரீட்சையில் தோற்க விரும்பாதவர். ஒன்றுவிட்டு ஒன்றாக மேலே, கீழே, மேலே, கீழே என்று அடித்துவிட்டார். ஐந்தும் தப்பு. கடைசியாக எழுந்து நின்று காலைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். மூடினார். வெட்டிய வாழை மாதிரி அப்படியே சாய்ந்தார். சாய்ந்த பக்கத்தில் மச்சினன் நின்றிருந்ததால் இருவரும் சேர்ந்து நாற்காலியில் விழுந்தார்கள்.

சாப்பிடுகிற மருந்தெல்லாம் என்னென்ன என்று கேட்டபோது, மனைவி பையைக் கவிழ்த்தார். ஏழு அட்டையும் மேசையில் விழுந்தன. டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்து, ஓரமாக ஏதோ கூட்டிக்கொண்டார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"கீமோ நரம்பைக் கொஞ்சம் கெடுத்தது. அது தானா தேறிட்டு வந்திருக்கணும். ஆனா பி12 அடிமட்டத்துக்குப் போயிருக்கு. அதை உடம்பு எடுத்துக்க வயிறு வேணும். உங்களுக்கு வயிறு இல்ல. இந்த மாத்திரையில இருக்கிற அளவு உள்ள போயும் பிரயோஜனம் இல்ல, அதுக்குத்தான் ஊசி. இன்னொண்ணு, இந்த ஏழுலயும் பி6 இருக்கு. அது மட்டும் நல்லா ஒட்டும். அளவுக்கு மேல போனா அதுவும் நரம்பைத்தான் கெடுக்கும்."

"அப்ப ஒரு சத்து இல்லாம கெட்டுது, இன்னொரு சத்து இருந்து கெட்டுது" என்றார் அரை நம்பர்.

"சரியாச் சொன்னீங்க."

மச்சினன் மேசையில் கிடந்த அட்டைகளை மெதுவாக அடுக்கிப் பைக்குள் போட ஆரம்பித்தான். அவன் அக்கா அந்தப் பையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இனிமே வீட்டுக்கு வர்றப்ப கையை வீசிட்டு வாடா. அதுவே எங்களுக்குப் பலம்" என்றார். அவன் முகம் அன்று பார்க்கச் சகிக்கவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்தவன் இல்லையே. இரண்டு நாள் கழித்து நிஜமாகவே வெறுங்கையோடு வந்து, மாமாவை ஊசிக்குக் கூட்டிப்போகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டான். முதல் வாரம் தினமும் ஊசி, பிறகு வாரத்துக்கொன்று, பிறகு மாதத்துக்கொன்று. நர்ஸ் குத்தும்போது அரை நம்பர் அவருடைய ஷூவைப் பார்த்துக்கொள்வார், மச்சினன் சுவரைப் பார்த்துக்கொள்வான். மருந்து விற்றே வாழ்ந்தவனுக்கு ஊசியைக் கண்டால் மயக்கம் வரும் என்பது அந்த வாரம்தான் குடும்பத்துக்குத் தெரிந்தது.

எல்லாம் திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டர் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. சத்துக் குறைவால் போனது நிறையத் திரும்பலாம், பி6 செய்த கெடுதி மாத்திரையை நிறுத்தினால் குறையும், கீமோ எடுத்துக்கொண்டதில் ஒரு பங்கு அப்படியே நின்றுவிடவும் கூடும் என்றார். முதல் இரண்டு மாதம் நிலைமை மோசமாகத்தான் தெரிந்தது. மரத்துக் கிடந்த கால் எரிய ஆரம்பித்தது. ஊசி ஊசியாகக் குத்தியது. போர்வை பட்டால் தாங்கவில்லை. அரை நம்பர் அதுவரை சொல்லாமல் விட்டதற்கெல்லாம் சேர்த்துப் புகார் சொன்னார். காலையில் சொன்னார், பல் தேய்க்கும்போது சொன்னார், அலுவலகத்துக்கே போன் போட்டு வரிசையில் காத்திருந்து சொன்னார். மனைவி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் அந்த அம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆறு மாதத்தில் கண்ணை மூடி முகம் கழுவ முடிந்தது. சட்டைப் பொத்தான்களைப் பார்க்காமலே போட்டார். இரும்புக் கவை கணுக்காலில் அதிர்ந்ததைக் காலாலேயே கேட்டார். விரல்களுக்குக் கீழே ஒரு பட்டை மட்டும் இன்றுவரை மரக்கட்டைதான். ஒவ்வொரு காலையிலும் மனைவி அவர் பாதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். கடையில் கட்டைவிரலுக்குப் பதிலாக எஃகு அளவுகோல் வந்துவிட்டது. எந்த ஷூவானாலும் உள்ளே கையை விட்டுத் துழாவி, கவிழ்த்துத் தட்டி, அதன் பிறகுதான் காலில் போட விடுவார். வாடிக்கையாளர்களையும் அப்படியே செய்ய வைப்பார். இதனால் ஒரு ஜோடி விற்க இரண்டு மடங்கு நேரமானது.

அதையாவது முதலாளியம்மா பொறுத்துக்கொண்டார். பெரிய தலைவலி வேறு. அரை நம்பர் இப்போது கால் இழுத்து நடக்கிறவர்களைக் கண்டால் விடுவதில்லை. ஒருநாள் ஒரு கண்டக்டர், ஷூ சரியில்லை, தரை பஞ்சு மாதிரி இருக்கிறது, நல்ல அடிப்பாகம் உள்ள ஜோடி காட்டுங்கள் என்று கேட்டு வந்தார். அரை நம்பர் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"ஷூவுல ஒண்ணும் இல்லீங்க. முதல்ல ரத்தத்தைப் பாருங்க" என்று டாக்டரின் முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கையில் காசோடு வந்த ஆளைத் திருப்பி அனுப்புவதற்கு நான் கடை வைக்கவில்லை என்று முதலாளியம்மா அன்று சாயங்காலம் நிதானமாகச் சொன்னார். அரை நம்பரும் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். மறுவாரம் இன்னொருவரை அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கண்டக்டர் நன்றி சொல்ல வந்தார். அவருக்கும் இருந்திருக்கிறது, சர்க்கரையும் சத்துக் குறைவும் சேர்ந்து. இப்போது பேருந்துப் படியில் ஏறும்போது படி தெரிகிறதாம். அரை நம்பரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற முதலாளியம்மாவிடம், உங்கள் கடையை மறக்கவே மாட்டேன் என்றார். முதலாளியம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். புத்தம் புது ஷூ. எதிர்க்கடையில் வாங்கியது.

கண்டக்டருக்குச் சங்கடமாகிவிட்டது. "அன்னைக்கு இவர் காட்டவே மாட்டேன்னுட்டார்ம்மா" என்றார்.

"அதனால என்ன, உட்காருங்க" என்றார் முதலாளியம்மா. உட்காரவைத்து, மரத்த காலுக்குத் தையல் உறுத்தாத சாக்ஸ்தான் நல்லது என்று டாக்டர் மாதிரியே விளக்கம் சொல்லி, ஆறு ஜோடியைக் கட்டிக் கொடுத்து, தள்ளுபடி இல்லாமல் அனுப்பிவைத்தார்.